நானூற்று எண்பது அடி

மதுரையில் எங்களுக்குக் கோபுரம் என்றால்
கண்ட்ரோல் டவர்தான்.
மேற்குக் காற்று, எட்டு நாட் என்றது அது.
அரை நிமிடத்தில், பதினெட்டு.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரைக் கடைசி. நாகமலைக்குப் பின்னால்
கல்யாண மண்டபத்து அடுப்படிச் சுவர் போல
கருத்து நின்றது மேகம்.
வலப்பக்கம் தூரத்தில் தெப்பக்குளம், ஒரு சதுரத் தகடு.
நேர் எதிரே ரன்வே.
இரண்டு வரிசை விளக்கையும்
உட்கார்ந்து எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு.

எனக்கு ஒன்பதாயிரத்து இருநூறு மணி நேரம்.
பக்கத்து இருக்கையில் பெனிட்டா மோத்தா,
தூத்துக்குடி. இந்த ரக விமானத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
பின்னால் அறுபத்தொரு பேர்,
பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்நூறு அடி.
வேகமுள் சட்டென்று இருபது நாட் ஏறியது.
கேட்காமல் கொடுக்கிற காற்று
கேட்காமலே பிடுங்கும்.
பாடம் எனக்குத் தெரியும்.
ஹைதராபாத் சிமுலேட்டரில் இதே காற்றில்
நாலு முறை செத்திருக்கிறேன்,
நாலு முறையும் எழுந்துபோய் டீ குடித்திருக்கிறேன்.
தெரிந்தும், கை த்ராட்டில்மேல்
சும்மா கிடந்தது.

ஏனென்றால் நிஜத்தில் மூன்று முறை
இப்படித்தான் இறக்கினேன்.
ராஜமுந்திரி, ஹூப்ளி, இன்னொன்று
இதே அவனியாபுரத்துப் பக்கமாக வந்து.
மூன்று தடவையும் கைதட்டினார்கள்.
கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் வாசலில் நின்று
"கையா சார் அது!" என்றார்.
கை இல்லை ஐயா.
அன்றைக்குக் காற்று பிடுங்க மறந்துபோனது.
ஆனாலும் என் கணக்கில் அது
அனுபவம் என்றே வரவானது.

"கோ அரவுண்ட்."

குரலை உயர்த்தவில்லை அவள்.
பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைச்
சொல்வதுபோலச் சொன்னாள்.
நானூற்று எண்பது அடி.

கை போனது. எஞ்சின் உறுமியது.
மூக்கு எழுந்து, சக்கரம் மடிந்து,
இடப்பக்கம் சாய்ந்து திரும்பினோம்.
வலது ஜன்னலில் திருப்பரங்குன்றம்
இருட்டாக, பெரிதாக, பிறகு சிறிதாக.

எங்களுக்குப் பின்னால் வந்த சென்னை விமானம்
அதே ரன்வேயில் இறங்கியது.
வெண்ணெய் மாதிரி, என்றார்கள்.

காரியாபட்டிக்கு மேல் நாற்பது நிமிடம் வட்டமடித்தோம்.
ஒவ்வொரு வட்டத்துக்கும் எரிபொருளைக்
கூட்டிக் கழித்துப் பார்த்தாள் பெனிட்டா,
திருச்சிக்குப் போக எவ்வளவு,
போய்க் காத்திருக்க எவ்வளவு.
மழை கிழக்கே நடந்து போனது.
ஈர ரன்வேயில், யாருக்கும் ஞாபகம் இருக்காத
ஒரு சாதாரண இறக்கம்.
யாரும் கைதட்டவில்லை.

மேலூரில் நிச்சயதார்த்தமாம் ஒருவருக்கு.
தாம்பூலம் மாற்றி முடித்திருப்பார்களாம்.
"ரன்வே தெரிஞ்சதுல்ல சார்?
உக்காந்த இடத்துல இருந்து எனக்கே தெரிஞ்சுச்சே!"
தெரிந்தது என்றேன்.
வேறு என்ன சொல்ல?
நடக்காத ஒன்றுக்கு
நான் எங்கே போய்ச் சாட்சி கூப்பிட?

ராத்திரி பைபாஸ் ஓரக் கடையில்
இட்லியைப் பிட்டவள் பிட்டபடியே கேட்டாள்:
"ஒருவேளை எறங்கியிருக்கலாமோ?"
"இருக்கலாம்" என்றேன்.
பொய் சொல்லவில்லை.
அவள் முகம் சுருங்கியது, பிறகு சட்னி கேட்டாள்.

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு வார்த்தை எழுதினேன்: நிலைப்படாத அணுகல்.
கையெழுத்துப் போட்டேன்.
அவள் சொன்னதற்கும் என் கை போனதற்கும் நடுவே
ஒரு அரை நொடி இருந்தது.
அதில் ராஜமுந்திரி இருந்தது, ஹூப்ளி இருந்தது,
அந்தக் கூலிங் கிளாஸ்காரர் இருந்தார்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

பேனாவை மூடிவிட்டு
மறுபடி திறந்தேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்,
முதலில் சொன்னது பெனிட்டா.